முட்டு வீங்கினால் முதலில் மணியைப் பாருங்கள்

தூத்தூர் பக்கம் பந்து விளையாடும்போது கால் திருகிக்கொண்டாலும் சரி, குலசேகரம் மேட்டில் ரப்பர் பால்வெட்டப் போய் மழையில் வழுக்கினாலும் சரி, அடுத்து நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் ஒருவர் எண்ணெய் காய்ச்சுவார். இன்னொருவர், "நேரா எம்.ஆர்.ஐ. எடுத்திரு, சந்தேகமே வேண்டாம்" என்பார். முட்டு எத்தனை மணிக்கு வீங்கியது என்பதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. டாக்டர் கேட்டால், "அன்னைக்கே வீங்கிட்டு" என்பதோடு சரி.

அந்த நேரம்தான் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அடிபட்ட இரண்டு மணி நேரத்துக்குள் முட்டு உப்பிக்கொண்டால், உள்ளே கட்டியிருப்பது பெரும்பாலும் ரத்தம். முட்டை உள்ளிருந்து பிடித்து நிறுத்தும் ஏ.சி.எல். தசைநார் அறுந்திருக்கலாம், முட்டுச் சில்லு விலகியிருக்கலாம், எலும்பே விரிசல் விட்டிருக்கலாம். விழும்போது உள்ளே 'டப்'பென்று ஒரு சத்தம் கேட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ராத்திரி தூங்கி எழுந்த பிறகு மெல்ல வீங்கியிருந்தால் அது பெரும்பாலும் மூட்டு நீர்; முட்டுக்குள் மெத்தை போலிருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸ் கிழிந்தால் இப்படி வருவது வழக்கம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன அடியிலேயே ரத்தம் கட்டும். கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் உழிச்சல், அதாவது எண்ணெய் தேய்த்து அழுத்தித் தடவுவது. நம் குமரி மாவட்டத்தில் வர்ம வைத்தியம் செய்யும் ஆசான்களுக்கு இருக்கும் மதிப்பு தெரிந்ததுதான். ஆனால் எலும்பு முறிந்திருக்கிறதா என்று தெரியாத காலை, வீங்கிய சூட்டோடு அழுத்தித் தடவக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் சூடான கிழி ஒத்தடமும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் கால் மணி நேரம் போதும். நாலு எட்டு நடக்க முடியவில்லை, முட்டை 90 டிகிரி மடக்க முடியவில்லை, சில்லைத் தொட்டாலே வலிக்கிறது, வயது 55-ஐத் தாண்டிவிட்டது, இதில் ஒன்று இருந்தாலும் முதலில் எக்ஸ்ரே எடுப்பது நல்லது.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் பந்தாடப் போவது அடுத்த தவறு. அதில் தெரிவது எலும்பு. தசைநாரும் மெனிஸ்கஸும் தெரியாது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: டாக்டரைப் பார்க்காமலே எம்.ஆர்.ஐ. எடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு, வீடே கலங்கிப்போவது. 'எஃப்யூஷன்' என்றால் மூட்டுக்குள் நீரோ ரத்தமோ சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். 'போன் மேரோ எடிமா' என்று பயமுறுத்துவது, அடிபட்ட காலில் பெரும்பாலும் எலும்புக்குள் ஏற்பட்ட கன்றல். மெனிஸ்கஸில் கிரேடு 1, கிரேடு 2 என்றால் படத்தில் உள்ளே நிறம் மாறித் தெரிகிறது, வெளிப்பரப்பு வரை கிழியவில்லை. கிரேடு 3 தான் கிழிசல். அதுவும்கூட வலிக்குக் காரணம் என்று உடனே முடிவுகட்ட முடியாது. 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 50 முதல் 90 வயது வரையிலானவர்களை, முட்டுவலி உண்டா இல்லையா என்று பிரிக்காமல், ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 35 சதவீதம் பேரின் முட்டில் மெனிஸ்கஸ் கிழிந்தோ சிதைந்தோ இருந்தது. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியே இல்லை.

அதனால் ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் திருவனந்தபுரம் போனாலும் ரிப்போர்ட் தாளோடு ஃபிலிமையும் சிடியையும் கொண்டுபோங்கள். காலைத் தொட்டு, ஆட்டிப் பார்க்கிற டாக்டர் படத்தையும் தானே பார்க்க வேண்டும்.

காத்திருக்கவே கூடாதவை சில: முட்டு சிவந்து சுட்டுக் காய்ச்சலும் அடிப்பது, பாதம் குளிர்ந்து மரத்துப்போவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது. ராத்திரியானாலும் வண்டியை எடுக்க வேண்டியதுதான். மடங்கிய முட்டு நீளாமல் பூட்டிக்கொண்டாலும் நாள் தள்ளாதீர்கள்.

மற்றபடி, டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை, படுக்கும்போது முட்டுக்கடியில் தலையணை வைக்காதீர்கள். இதமாக இருக்கும், ஆனால் அப்படியே மடங்கிக் கிடந்தால் பிறகு நீட்டுவது கஷ்டம். தலையணை குதிகாலுக்கு அடியில் இருக்கட்டும்.