ஆறாத வாய்ப்புண்ணும் பெம்ஃபிகஸும்: எங்கே தவறுகிறோம்?

வாயில் புண் என்றால் நம் வீடுகளில் 'சூடு' என்பார்கள். மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் வரும். சாதாரண வாய்ப்புண் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகவே ஆறிவிடும் என்பதால் அதில் கெடுதல் இல்லை. வாயிலும் தோலிலும் கொப்புளம் எழுப்பும் பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்ற நோயின் புண் அப்படி ஆறாது. இந்த நோய் பெரும்பாலோருக்கு வாயில்தான் தொடங்குகிறது; உடம்பில் கொப்புளம் கிளம்பச் சில மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களைச் சத்து மாத்திரையிலேயே கழித்துவிடுவதுதான் மிகப் பெரிய தவறு.

'வாயில் கொப்புளம் எதுவும் காணோமே' என்று இருந்துவிடவும் கூடாது. வாய்க்குள் எழும் கொப்புளம் எழுந்த வேகத்தில் உடைந்துவிடும். கன்னத்தின் உட்புறத்திலும் அண்ணத்திலும் ஓரம் கிழிந்த சிவந்த புண்ணாகத்தான் தெரியும். ரசம் சாதம்கூட எரியும். பல் துலக்கினால் ஈறில் தோல் உரிந்து வரும். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண்ணைத் தோல் மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ காட்டிவிட வேண்டும். புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்தவும் இதே கெடுதான்.

உடம்பில் வந்த பிறகு 'அக்கி' என்று சொல்லிக் காவி எழுதுவார்கள். அக்கி பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாக வரும், சில வாரங்களில் பொருக்கு தட்டிவிடும். பெம்ஃபிகஸ் இரு பக்கமும் வரும். பழையது காய்வதற்குள் புதியது கிளம்பும். உரிந்த புண்ணில் காவி மண் பூசினால் கிருமி ஏறிச் சீழ் வைக்கலாம். நோயாளிக்குத் தட்டும் டம்ளரும் தனியாக ஒதுக்குவது வேண்டாத கொடுமை. இது தொற்றாது. தோல் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் டெஸ்மோக்ளீன் என்ற புரதத்தை நம் உடலின் எதிர்ப்பொருள்களே தாக்குவதால் வருவது.

தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நோயைக் கண்டுபிடிப்பதையே கெடுத்துவிடும். இரண்டு துண்டு எடுக்க வேண்டும். ஒன்று, புதிதாக எழுந்த சின்னக் கொப்புளத்தின் ஓரம். அது ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போகும். இன்னொன்று, தோலில் படிந்த எதிர்ப்பொருளை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் பரிசோதனைக்கு. கொப்புளத்தை ஒட்டி 1 செ.மீ.க்குள், பார்வைக்கு நன்றாக இருக்கும் தோலில் எடுப்பது. இதை ஃபார்மலினில் போட்டால் புரதங்கள் உருமாறி, எதிர்ப்பொருள் படிந்திருந்தாலும் ஒளிராமல் போய்விடும். மிஷெல் திரவத்தில் போட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேருமானால் நார்மல் சலைன் (உப்பு நீர்) போதும். பாட்டிலை லேபுக்குக் கொண்டு போவது பல சமயம் வீட்டு ஆட்கள்தான். எந்தப் பாட்டிலில் என்ன திரவம் என்று கேட்டு, மேலே எழுதி வாங்குங்கள்.

அடுத்தது ஸ்டீராய்டை நாமாக நிறுத்துவது. பிரெட்னிசோலோன் தொடங்கிச் சில வாரங்களில் புண் ஆறும், முகம் உப்பும், பயம் வரும், மாத்திரை நின்றுவிடும். வாரக்கணக்கில் சாப்பிட்டவருக்கு உடலுக்குத் தேவையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். நோயும் திரும்பும். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா 1980களில் கொண்டுவந்த டெக்சாமெத்தசோன்–சைக்ளோஃபாஸ்ஃபமைடு பல்ஸ் முறையிலும் (மருந்தைப் பெரிய அளவில் இடைவெளி விட்டு ஊசியாக ஏற்றுவது) இதே சிக்கல்தான்: புண் முழுக்க ஆறிய பிறகும் மாதாமாதம் ஊசி தொடர வேண்டும், அங்கேதான் பலர் வராமல் நின்றுவிடுகிறார்கள். எதிர்ப்பொருள் உருவாவதைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசி போடுகிறவர்கள் ஹெபடைடிஸ் பி, காசநோய்ப் பரிசோதனைகளை முன்பே முடிக்காமல் ஊசிக்குப் போகக் கூடாது.

கொப்புளத்தின் மேல்தோலை உரிக்காதீர்கள்; அதுவே இயற்கைக் கட்டு. பெரிதாக இருந்தால் மருத்துவமனையில் சுத்தமான ஊசியால் அடிப்பக்கத்தில் குத்தி நீரை மட்டும் வடிப்பார்கள். பஞ்சு வைத்தால் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது தோலோடு வரும். பாரஃபின் தடவிய வலைத்துணியான பாரஃபின் காஸ் ஒட்டாது. முதுகு முழுக்க உரிந்தவர்களை வார்டில் சுத்தம் செய்த வாழையிலையில் படுக்க வைப்பதும் இதற்காகத்தான்.

வாய்க்கு மிக மென்மையான பிரஷ், நுரை தரும் சோடியம் லாரில் சல்பேட் இல்லாத பேஸ்ட். பீட்டாமெத்தசோன் 0.5 மி.கி. மாத்திரையைக் கரைத்துக் கொப்பளிக்கச் சொல்லியிருந்தால் 10 மி.லி. தண்ணீர் போதும், மூன்று நிமிடமாவது வாயில் வைத்திருந்து துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. இடையில் தயிர் போல வெள்ளை படிந்தால் நோய் முற்றிவிட்டது என்று ஸ்டீராய்டைக் கூட்டிவிடாதீர்கள். அது பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. அதற்கு மருந்தே வேறு.