பழைய ஆட்டோமேட்டிக் கார்ல ஏடிஎஃப் வீட்லயே மாத்தறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

என்ஜின் ஆயில் மாத்தத் தெரிஞ்சவங்க நிறைய பேர் கியர்பாக்ஸ் ஆயிலும் அதே வேலை தானேன்னு இறங்கிடறாங்க. கீழ போல்ட்ட கழட்டி வடிக்கறது, மேல புதுசா ஊத்தறது, இது வரைக்கும் ரெண்டும் ஒண்ணு தான். ஆனா ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல அந்த ஆயில் (அதத்தான் ஏடிஎஃப்-னு சொல்றோம்) வெறும் வழுவழுப்புக்கு மட்டும் இல்ல, பம்ப் அத அழுத்தி அனுப்பறதால தான் உள்ள கிளட்ச் பிளேட்டுங்களே பிடிக்குது, டார்க் கன்வர்ட்டர்ல என்ஜினோட சக்தி கைமாறி போறதும் அதே ஆயில் வழியா தான். அதனால தப்பான ஆயில் ஊத்தினாலோ அளவு தப்பினாலோ கியர் விழறதே மாறிப்போயிடும். இந்த வேலையில வர்ற பெரிய சேதம் எல்லாம் அநேகமா இந்த ரெண்டுல ஏதோ ஒண்ணுல இருந்து தான் வருது.

முதல்ல, மாத்தலாமா வேணாமான்னு பாருங்க. ஏற்கனவே கியர் ஸ்லிப் ஆகுது, டி-ல போட்டா ரெண்டு மூணு செகண்ட் கழிச்சு தான் வண்டி நகருது, ஆயில் கருப்பாகி கருகின வாடை அடிக்குதுன்னா தேய்ஞ்ச பிளேட்ட புது ஆயில் சரி பண்ணாது. "ஆயில் மாத்தினதால தான் கியர்பாக்ஸ் போச்சு"ன்னு சொல்ற கதைகள்ல நிறைய, போகற நிலைமையில இருந்த கியர் பெட்டிக்கு கடைசி நேரத்துல ஆயில் மாத்தி பாத்தது தான். ஆயில் பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பா இருந்தா இன்னும் கவனம், ரேடியேட்டர் உள்ள இருக்கற ஏடிஎஃப் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்க வாய்ப்பு அதிகம், அத சரி பண்ணாம ஆயில் மட்டும் மாத்தினா புதுசும் அப்படியே தான் ஆகும்.

அடுத்து ஆயில் தேர்வு. சிவப்பா இருந்தா எல்லாம் ஏடிஎஃப் தான்னு நெனைக்காதீங்க, அந்த சிவப்பு வெறும் சாயம். கிளட்ச் எவ்வளவு வேகமா பிடிக்கணும், எவ்வளவு வழுக்கி பிடிக்கணும்ங்கறத ஆயில்ல கலந்திருக்கற ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் தான் முடிவு பண்ணுது, அது ஒவ்வொரு ஸ்பெக்குக்கும் (ஏடிஎஃப்+4, டெக்ஸ்ரான் மாதிரி கம்பெனி சொல்ற ஆயில் வகை) வேற. கிரைஸ்லர் பெட்டி ஏடிஎஃப்+4 கேட்டா அதுக்கு டெக்ஸ்ரான் ஊத்தக்கூடாது, ஊத்தினா டார்க் கன்வர்ட்டர் லாக் ஆகற நேரத்துல வண்டி நடுங்க ஆரம்பிச்சுடும். டொயோட்டாவுல டி-4 கேக்கற பெட்டியும் டபிள்யூஎஸ் கேக்கற பெட்டியும் வேற வேற. பழைய ஜிஎம் வண்டிக்கு டெக்ஸ்ரான் 3-ன்னு மேனுவல்ல போட்டிருந்தா டெக்ஸ்ரான் 6 ஊத்தலாம்னு ஜிஎம்மே சொல்லிருக்கு. ஹோண்டாவுல பழைய இசட்1-க்கு பதிலா டிடபிள்யூ-1 வந்துடுச்சு. இந்த மாதிரி கம்பெனியே சொன்ன மாற்று தான் மாற்று, டப்பா பின்னாடி நாப்பது வண்டி பேர் போட்டு எல்லாத்துக்கும் பொருந்தும்னு எழுதியிருக்கறத நம்பி பழைய பெட்டிய பரிசோதனைக்கு விடாதீங்க. சிவிடி-ன்னா (தனித்தனி கியர் இல்லாம பெல்ட்ல ஓடற பெட்டி) கதையே வேற, அங்க பெல்ட்டும் புல்லியும் ஒண்ண ஒண்ணு இறுக்கிப் பிடிச்சு ஓடணும், சாதா ஏடிஎஃப் ஊத்தினா பெல்ட் வழுக்கி புல்லி கீறிடும்.

வண்டிக்கு கீழ போனதும், வடிக்கறதுக்கு முன்னாடி ஊத்தற போல்ட் கழலுதான்னு பாத்துக்கங்க. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்கற குச்சி) இல்லாத பெட்டிகள்ல பக்கவாட்டுல ஒரு ஃபில் போல்ட் தான் இருக்கும், வருஷக்கணக்கா தொடாம துரு புடிச்சிருக்கும், எல்லாத்தையும் வடிச்சுட்டு அது வரலன்னா வண்டிய நகர்த்தவே முடியாது. போல்ட்ட மாத்தி கழட்டறதும் நடக்குது, முக்கியமா சுபாரு வண்டிகள்ல என்ஜின், கியர்பாக்ஸ், முன் டிஃபரென்ஷியல்னு தனித்தனியா வடிக்கற போல்ட் இருக்கு, என்ஜின் ஆயில்னு நெனச்சு ஏடிஎஃப்-அ வடிச்சுட்டு என்ஜின்ல டபுளா ஊத்தினவங்க உண்டு. வெறும் ஜாக்கிய நம்பி கீழ படுக்கவே படுக்காதீங்க, ஸ்டாண்ட் கட்டாயம். ஓட்டிட்டு வந்த சூட்டோட கழட்டவும் வேணாம், அந்த ஆயில் 80, 90 டிகிரியில இருக்கும், கை வெந்துடும். வெதுவெதுப்பா இருந்தா போதும்.

இன்னொரு தப்பு, மேனுவல்ல 8 லிட்டர்னு போட்டிருக்கேன்னு வடிச்சதுக்கு அப்புறம் 8 லிட்டரும் ஊத்தறது. ஆயில் நிறைய டார்க் கன்வர்ட்டர்லயும் கூலர் பைப்லயும் நின்னுடும், போல்ட்ட கழட்டினா பெட்டிய பொறுத்து மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் தான் வரும். அதனால வடிச்சத அளவு போட்ட ஜாடியில ஊத்தி பாத்து, எவ்வளவு வந்துச்சோ அவ்வளவு மட்டும் ஊத்துங்க. பழசு ரொம்ப தங்கிடுதேன்னு மெஷின் வெச்சு ப்ரெஷர் ஃப்ளஷ் பண்றது அதிகம் ஓடின பெட்டிக்கு எனக்கு சரின்னு படல, அடியில படிஞ்சிருக்கற அழுக்கு கிளம்பி வால்வ் பாடி (ஆயில எந்த கிளட்ச்சுக்கு அனுப்பணும்னு பிரிச்சு விடற பகுதி) சந்துல போய் அடைக்கற பயம் இருக்கு. அதுக்கு பதிலா வடிச்சு ஊத்தி, கொஞ்ச நாள் ஓட்டி, திரும்ப வடிச்சு ஊத்துங்க. ஒரு தடவைக்கு 40 சதவீதம் வெளிய வருதுன்னு வெச்சுக்கிட்டா மூணு தடவையில சுமாரா 78 சதவீதம் புதுசாயிடும். மண்ணெண்ணெய், டீசல் ஊத்தி கழுவறதெல்லாம் நெனச்சும் பாக்காதீங்க.

பேன் (அடியில ஆயில் நிக்கற தட்டு) கழட்டற பெட்டியா இருந்தா உள்ள இருக்கற காந்தத்த பாருங்க. சாம்பல் கலர்ல மை மாதிரி நைஸா படிஞ்சிருந்தா அது வழக்கமான தேய்மானம், துடைச்சுட்டு திரும்ப வெச்சுடலாம். விரல்ல குத்தற அளவுக்கு இரும்பு சில்லு, பித்தளை கலர் துணுக்கு கெடந்தா ஆயில் மாத்தறதோட வேலை முடியாது, பெட்டிய காட்டியே ஆகணும். ஃபில்டர் கழட்டும்போது பழைய ஓ-ரிங் துவாரத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், அத எடுக்காம புது ரிங்கோட புது ஃபில்டர திணிச்சா சரியா உக்காராது, பம்ப் ஆயிலோட காத்தையும் சேத்து இழுக்கும். கேஸ்கெட்ல சிலிகான அள்ளி அப்பாதீங்க, பிதுங்கி உள்ள போற துண்டு எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. பேன் போல்ட் எல்லாம் சின்னது, நிறைய பெட்டிகள்ல 10 நியூட்டன் மீட்டர் சுத்தி தான் டார்க் (முறுக்கற பலம்) கேக்கும், பலத்த காட்டினா அலுமினியத்துல மரை போயிடும். நூல் பிரியற துணியால உள்ள துடைக்கவும் கூடாது.

லெவல் பாக்கறது தான் பாதிப்பேர் அவசரப்படற இடம். சூடானா ஏடிஎஃப் நல்லா விரியும், அதனால குளிர்ந்த நிலையில ஹாட் கோடு வரைக்கும் ஊத்தினா சூடானதும் அளவு தாண்டிடும், சுத்தற பாகங்கள் ஆயில்ல அடிச்சு நுரையாக்கிடும், நுரையில அழுத்தம் நிக்காது, கிளட்ச் வழுக்கும். அளவு கொறைஞ்சாலும் பம்ப் காத்த இழுத்து அதே கதி தான். ஊத்தி முடிச்சதும் என்ஜின ஸ்டார்ட் பண்ணி பிரேக்க மிதிச்சபடியே பி-ல இருந்து ஒவ்வொரு கியரா சில செகண்ட் நிறுத்தி போயிட்டு வாங்க, அப்போ தான் காலியான வழியெல்லாம் ஆயில் நிறையும். டிப்ஸ்டிக் இருக்கற பெரும்பாலான வண்டிகள்ல நல்லா சூடேத்தி, சம தரையில, என்ஜின் ஓடும்போதே பாக்கணும். ஆனா பல ஹோண்டாவுல என்ஜின ஆஃப் பண்ணி 60-ல இருந்து 90 செகண்டுக்குள்ள பாக்கணும், உங்க மேனுவல் என்ன சொல்லுதோ அது தான் கணக்கு. டிப்ஸ்டிக் இல்லாத பெட்டியில குறிப்பிட்ட சூட்டுல, பல டொயோட்டாவுல 40 டிகிரி பக்கம், என்ஜின் ஓட ஓட செக் போல்ட்ட தொறந்தா மிச்சம் வழிஞ்சு கடைசியில சொட்டா வரணும். இந்த சூட்ட கையால தொட்டு கணிக்க முடியாது, ஓபிடி ஸ்கேனர்ல (வண்டி கம்ப்யூட்டர்ல செருகி படிக்கற கருவி) பாருங்க. இதுல சில பெட்டிகள்ல வடிக்கற போல்ட்டுக்கு உள்ள ஒரு சின்ன லெவல் குழாய் நிக்கும், அத கழட்டாம கொஞ்சம் வழிஞ்சத பாத்துட்டு இவ்வளவு தான் ஆயில்னு முடிவு பண்ணி மூணு லிட்டர ஊத்திடாதீங்க.

முதல் ஓட்டத்துக்கு தூரமா போகாம வீட்ட சுத்தியே போயிட்டு வந்து, போல்ட்லயும் பேன் ஓரத்துலயும் கசியுதான்னு பாத்து, லெவல இன்னொரு தடவை பாருங்க. கியர் விழ லேட் ஆனாலோ பம்ப் சத்தம் கேட்டாலோ ஓட்ட ஓட்ட சரியாயிடும்னு விடாம அங்கயே நிறுத்தி லெவல் பாருங்க. வடிச்ச பழைய ஆயில கேன்ல அடைச்சு, பழைய ஆயில் வாங்கற இடத்துல குடுத்துடுங்க, சாக்கடையிலயோ மண்ணுலயோ ஊத்தாதீங்க.