க்னோஸ்டிக் நூல்களைக் கூடி வாசிப்பது எப்படி: வேலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு

அறிவிப்பு எழுதும்போதே முதல் சிக்கல் வந்துவிடும். "நாஸ்டிக் வாசிப்பு" என்று போட்டால் பாதிப்பேர் நாஸ்திகக் கூட்டம் என்று நினைத்து வருவார்கள்; மீதிப்பேர் அதே காரணத்தால் வரமாட்டார்கள். இது கிரேக்கத்தின் 'க்னோசிஸ்', அதாவது அறிவு; அந்த அறிவே மீட்கும் என்று நம்பிய பழைய கிறிஸ்தவக் காலத்துப் பிரிவினரின் நூல்களே க்னோஸ்டிக் நூல்கள். 'க்னோஸ்டிக்' என்றே எழுதுங்கள்.

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். விவிலியம் தெரிந்த ஒருவரும் சைவ சித்தாந்தம் படித்த ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். வேலூரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை கூடலாம். சித்திரை, வைகாசியில் ஐந்தரைக்கு முன் யாரையும் எதிர்பார்க்காதீர்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

படிக்கப்போவது பெரும்பாலும் எகிப்தில் கிடைத்தவை. அங்கே நாக் ஹம்மாதி அருகே 1945இல் கிடைத்த 13 கோப்திய மொழிச் சுவடிகளில் 52 நூல்கள் உள்ளன. ஜேம்ஸ் ராபின்சன் பதிப்பில் 1977இல் வந்த ஆங்கிலத் தொகுப்பு கைக்கு வசதி. வாசிப்பு வட்டத்தில் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் வேலைக்காரர் இருந்தால் சுவடியின் தோல் உறைப் படத்தை அவரிடம் காட்டுங்கள். உறை விறைப்பாக நிற்கப் பழைய கடிதங்களையும் ரசீதுகளையும் உள்ளே ஒட்டியிருக்கிறார்கள். ஏழாம் சுவடியின் உறைக்குள் கி.பி. 341, 346, 348 என ஆண்டு குறித்த தாள்கள் இருந்தன; ஆகவே அதை 348க்கு முன் கட்டியிருக்க முடியாது. உள்ளே இருக்கும் நூல்கள் அதைவிடப் பழையவை, கிரேக்கத்திலிருந்து பெயர்த்தவை.

தோமா நற்செய்தியில் தொடங்குங்கள். இயேசு சொன்னதாக 114 வாக்குகள், ஓர் அமர்வுக்குப் பன்னிரண்டு. ஒன்பதாம் வாக்கு விதைப்பவர் உவமை. மாற்கு 4ஐப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அங்குள்ள விளக்கம் இங்கே இல்லை என்பது தெரியும். இது க்னோஸ்டிக் நூல்தானா என்பதே அறிஞர்களிடையே வழக்கு. தோமா இங்கே வந்தார் என்ற பரங்கிமலைப் பேச்சு எப்படியும் எழும். இந்தியப் பயணக் கதை இந்த நூலில் கிடையாது, 'தோமாவின் பணிகள்' என்ற வேறு நூலில் இருக்கிறது.

அடுத்தது யோவானின் இரகசிய நூல். இதற்கு நான்கு கையெழுத்துப் படிகள் உண்டு: நாக் ஹம்மாதியின் இரண்டாம், நான்காம் சுவடிகளில் நீண்ட வடிவம்; மூன்றாம் சுவடியிலும், பெர்லின் சுவடி என்ற வேறொரு சுவடியிலும் குறுகியது. எல்லோர் கையிலும் ஒரே வடிவம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பாதி நேரம் வரி தேடுவதிலேயே போகும். பெயர்கள் குழப்பும், அதனால் ஒரு சார்ட் பேப்பரில் மேலிருந்து கீழாக எழுதி மாட்டுங்கள்: காணமுடியாத ஆவி (உச்சக் கடவுள்), அதிலிருந்து முதலில் தோன்றிய பார்பெலோ, ஏயோன்கள் எனும் விண்ணுலக வல்லமைகள், அவற்றில் கடைசியாக சோபியா, அவளுக்குப் பிறந்து இவ்வுலகைப் படைத்த சிங்கமுக யால்தபவோத், அவன் கீழ் ஆளுநர்கள்.

கூட்டம் தடம் புரளுவது பெரும்பாலும் மொழிபெயர்ப்பில்தான். நம் வேதாகமத்தில் 'சோபியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் 'ஞானம்', 1 தீமோத்தேயு 6:20இல் க்னோசிஸுக்கும் 'ஞானம்'. இந்தக் கதையிலோ தன் ஆண் இணையின் சம்மதமில்லாமல் ஈன்று தவறியவள் சோபியா, மீட்பது க்னோசிஸ். இரண்டையும் 'ஞானம்' என்றால் விழுந்ததும் தூக்கியதும் ஒன்றாகிவிடும். சோபியாவைப் பெயராகவே விடுங்கள், க்னோசிஸை 'அறிவு' என்று மட்டும் சொல்லுங்கள். இதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

சித்தாந்தம் படித்தவர் "இது நம்ம மாயைதானே" என்பார். உடனே தலையாட்டாதீர்கள். சித்தாந்தத்தில் இறைவன் தனு, கரண, புவன, போகங்களை (உடல், கருவி, உலகம், நுகர்ச்சி) தருவது உயிரைப் பற்றிய மலம் என்னும் அழுக்கு நீங்க, அருளால். யால்தபவோத்தோ தனக்கு மேலொருவர் இருப்பதே அறியாமல் "என்னையன்றி வேறு கடவுள் இல்லை" என்கிறான். அவன் கூட்டம் செய்த உடல் ஒரு தளை. அறியாமையே கட்டு என்ற இடத்தில் மட்டும் இரண்டும் நெருங்கிவரும், ஒப்பீட்டை அங்கே வையுங்கள்.

க்னோஸ்டிக்குகளை எதிர்த்த ஆயர் இரேனியஸ் ஏறத்தாழ கி.பி. 180இல் எழுதிய மறுப்பைத் துணைக்கு எடுக்கலாம். எதிராளி வாக்குமூலம் என்று நினைவிருக்கட்டும். க்னோஸ்டிக் மரபைச் சேர்ந்த மண்டேயர்களைச் செத்த மதக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஈராக், ஈரானில் இன்றும் இருக்கிறார்கள், ஓடும் நீரில்தான் முழுக்கு. நம் பாலாறு அவர்களுக்கு உதவாது, வெள்ளம் வரும் நாட்களைத் தவிர.

'பிஸ்டிஸ் சோபியா' என்ற இன்னொரு க்னோஸ்டிக் நூலை முதல் சுற்றில் தொடவே வேண்டாம். நீளத்தில் ஆள் குறைந்துவிடும். கடைசி அமர்வுக்கு ஆறாம் சுவடியின் 'இடி' நூலை வைத்துக்கொள்ளுங்கள்; பெண் குரல் ஒன்று தன்னைப் பற்றியே பேசும் நூல் அது. நல்ல குரலுள்ள பெண் ஒருவர் நிறுத்தாமல் வாசிக்கட்டும். பேச்சு அதற்குப் பிறகு, டீ வந்ததும்.