பாஸ்போர்ட்டில் எந்தத் தேதி உங்கள் தேதி? தாய்லாந்தில் தங்கியிருப்பவர்களுக்கு இமிக்ரேஷன் வழிகாட்டி

தாய்லாந்தில் வேலைக்கோ படிப்புக்கோ ஓய்வுக்காலத்துக்கோ வந்து வீடு எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு இமிக்ரேஷனில் நான்கு வேலைகள் உண்டு. தங்கும் அனுமதி காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குடியிருக்கும் முகவரி பதிவாகியிருக்க வேண்டும். 90 நாளுக்கு ஒரு முறை ரிப்போர்ட் செய்ய வேண்டும். நாட்டை விட்டு வெளியே போகும் முன், அதே அனுமதியோடு திரும்பி வர உதவும் ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்க வேண்டும். நான்கும் ஒரே கட்டடத்தில் நடப்பதால் ஒன்றைச் செய்தால் மற்றதும் முடிந்துவிட்டது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அங்கேதான் தவறு தொடங்குகிறது. 90 நாள் ரிப்போர்ட் செய்த ரசீதைப் பார்த்துவிட்டு விசா நீண்டுவிட்டதாக நம்பி, அனுமதி நாளைத் தாண்டித் தங்கி ஓவர்ஸ்டே ஆகிறவர்கள் இருக்கிறார்கள். ஓராண்டு நீட்டிப்பு கையில் இருக்கிறதே என்று ரீ-என்ட்ரி இல்லாமல் விமானம் ஏறி, அந்த ஓராண்டையும் இழந்து திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் முத்திரையைப் படியுங்கள்

விசாவில் 'என்டர் பிஃபோர்' என்று ஒரு தேதி இருக்கும். அந்த நாளுக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது மட்டுமே அதன் பொருள். எத்தனை நாள் தங்கலாம் என்பதை விமான நிலையத்தில் குத்தும் முத்திரைதான் சொல்கிறது. அதில் 'அட்மிட்டட்' என்பது நுழைந்த நாள், 'அன்டில்' என்பது கடைசி நாள். நுழைந்த நாளும் கணக்கில் சேரும். ஜூன் 10 அன்று 90 நாள் அனுமதியோடு நுழைந்தால் 'அன்டில்' தேதி செப்டம்பர் 7. விசாவில் என்ன எழுதியிருந்தாலும் செப்டம்பர் 7-க்குப் பிறகு நீங்கள் ஓவர்ஸ்டே.

கவுன்டரை விட்டு நகரும் முன் அந்தத் தேதியைப் பாருங்கள். வேலை, படிப்பு, ஓய்வுக்காலம் போன்றவற்றுக்கான நான்-இமிக்ரன்ட் விசாவோடு வந்தவருக்கு அதிகாரி தவறுதலாகச் சுற்றுலாப் பயணிக்குரிய முத்திரை குத்திவிடுவது நடக்கக்கூடியதுதான். அங்கேயே காட்டினால் சில நிமிடங்களில் திருத்திக் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து கவனித்தால் அதற்கென்று ஒரு நாள் அலைய வேண்டும்.

இன்னொன்று, வீட்டு ஒப்பந்தம், வங்கிக் கடிதம், அரசு ரசீது போன்றவற்றில் ஆண்டு பௌத்த ஆண்டாக இருக்கும். அதிலிருந்து 543-ஐக் கழியுங்கள்: 2568 என்றால் 2025, 2569 என்றால் 2026. ஒப்பந்தம் முடிந்த தேதியைக் கவனிக்காமல் அதன் நகலைக் கொடுத்தால் முகவரிப் பதிவு அங்கேயே நின்றுவிடும்.

முகவரிப் பதிவு: டி.எம். 30

1979-ஆம் ஆண்டு இமிக்ரேஷன் சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளரோ வீட்டைப் பொறுப்பில் வைத்திருப்பவரோ டி.எம். 30 என்ற படிவத்தில் இமிக்ரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். கடமை உரிமையாளருடையது. ஆனால் அவர் செய்யாமல் விட்டால் கவுன்டரில் நிற்கப்போவது நீங்கள். நீட்டிப்பு, வசிப்பிடச் சான்றிதழ் என்று எதற்குப் போனாலும் முதலில் டி.எம். 30 ரசீதைக் கேட்பார்கள். அதனால் வீடு பிடிக்கும்போதே, முன்பணம் கொடுக்கும் முன், "டி.எம். 30 போட்டுத் தருவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். மழுப்புகிற உரிமையாளரிடம் வீடு எடுக்காமல் இருப்பதே நல்லது.

உரிமையாளர் இணையத்தில் பதிவு செய்யலாம், நேரிலும் செய்யலாம். உங்களையே போய் முடித்துக்கொள்ளச் சொன்னால் அவரிடமிருந்து மூன்று காகிதங்கள் வாங்குங்கள்: அவர் கையெழுத்திட்ட அடையாள அட்டை நகல், 'தபியன் பான்' எனப்படும் நீல நிற வீட்டுப் பதிவுப் புத்தகத்தின் நகல், உங்களை அனுப்புவதாக எழுதிய அதிகாரக் கடிதம். கடிதத்தில் 10 பாட் முத்திரைவில்லை ஒட்டச் சொல்லலாம். இவற்றோடு வாடகை ஒப்பந்தம், உங்கள் பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கம், விசாப் பக்கம், கடைசி நுழைவு முத்திரை ஆகியவற்றின் நகல்கள் வேண்டும்.

முகவரியை எழுதும் வரிசையில் பலர் தடுமாறுகிறார்கள். முதலில் வீட்டு எண். 99/124 போலச் சாய்கோட்டோடு இருந்தால் அந்தக் கோட்டையும் சேர்த்தே எழுத வேண்டும். கிராமப்புறமானால் அடுத்து 'மூ' எனப்படும் கிராம எண். பிறகு சோய் (சந்து), சாலை. அதன் பின் பாங்காக்கில் குவேங் (துணை வட்டம்), கேத் (வட்டம்). மற்ற மாகாணங்களில் இவற்றுக்கு ஈடான தம்போன், அம்போ. கடைசியில் மாகாணமும் அஞ்சல் குறியீடும். அடுக்குமாடியில் உங்கள் கதவில் தொங்கும் அறை எண் வேறு, தபியன் பானில் உள்ள வீட்டு எண் வேறு. படிவத்தில் போக வேண்டியது வீட்டு எண். அறை எண்ணை எழுதிக் கொடுத்தால் கணினியில் முகவரியே அகப்படாது.

அபராதம் 2,000 பாட் வரை, ஹோட்டல்களுக்கு 10,000 வரை. வெளிநாடு போய் அதே வீட்டுக்குத் திரும்பினால் மறுபடி பதிவு தேவையில்லை என்று 2020-இல் விதி தளர்ந்தது. ஆனாலும் சில மாகாண அலுவலகங்கள் ஒவ்வொரு வருகைக்கும் கேட்கின்றன. உங்கள் அலுவலகத்தின் வழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

90 நாள் ரிப்போர்ட்: டி.எம். 47

தொடர்ந்து 90 நாளுக்கு மேல் நாட்டுக்குள் இருந்தால் "இன்ன முகவரியில்தான் இருக்கிறேன்" என்று டி.எம். 47 படிவத்தில் தெரிவிப்பது இது. கட்டணம் கிடையாது. வெளிநாடு போய்த் திரும்பினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கெடுநாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை நேரில் போகலாம். அதையும் தவறவிட்டு நீங்களாகவே போனால் வழக்கமாக 2,000 பாட்.

முதல் முறை நேரில் போய்விடுங்கள். அடுத்த முறையிலிருந்து இணையத்தில் செய்யலாம். இணையத்தில் செய்வதானால் கெடுநாளுக்கு 15 நாள் முன்பே, அதற்கான காலம் தொடங்கியவுடன் போடுங்கள். கடைசி வாரம் வரை தள்ளினால், நிராகரிக்கப்பட்டால் சுதாரிக்க நேரம் இருக்காது. நிராகரிப்புக்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: இந்த முகவரிக்கு டி.எம். 30 பதிவு இல்லை, அல்லது பாஸ்போர்ட் எண் மாறியிருக்கிறது. 'பென்டிங்' என்று வந்தால் வேலை முடியவில்லை. 'அப்ரூவ்ட்' வந்த பின் கிடைக்கும் பி.டி.எஃப். கோப்பை அச்சிட்டு வையுங்கள். அடுத்த கெடுநாள் அதில்தான் இருக்கிறது. கெடுநாள் வரை 'பென்டிங்' மாறவே இல்லை என்றால் அந்த ஏழு நாள் சலுகைக்குள் நேரில் போய்விடுங்கள்.

தபாலிலும் அனுப்பலாம். கெடுநாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்பு பதிவுத் தபாலில் போக வேண்டும். நிரப்பிய படிவம், பாஸ்போர்ட் நகல்கள், முந்தைய ரசீது, 10 பாட் தபால்தலை ஒட்டி உங்கள் முகவரி எழுதிய உறை ஆகியவை உள்ளே இருக்க வேண்டும். தபால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

நீட்டிப்பு

படிவம் டி.எம். 7, கட்டணம் 1,900 பாட், புகைப்படம் 4×6 செ.மீ. 'அன்டில்' தேதிக்கு 30 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், சில அலுவலகங்கள் 45 நாள் முன்பே வாங்கிக்கொள்கின்றன. பல நேரங்களில் அன்றே ஓராண்டு தர மாட்டார்கள். 'பரிசீலனையில்' என்று ஒரு முத்திரை குத்தி, திரும்பி வர வேண்டிய நாளைக் குறிப்பார்கள். அந்த நாளில் போகாவிட்டால் உங்களுக்கு அனுமதியே இல்லை. அதை முதல் வேலையாகக் கைபேசி நாட்காட்டியில் ஏற்றுங்கள்.

ஓய்வுக்கால நீட்டிப்புக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் 8,00,000 பாட் இருப்பு, அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். இருப்புத்தொகை விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தும், அனுமதி கிடைத்து மூன்று மாதம் வரையும் அப்படியே கிடக்க வேண்டும். அதன் பிறகு 4,00,000-க்குக் கீழே இறங்கக் கூடாது. இதில் அதிகம் இடறுவது வங்கிப் புத்தகம்தான். இமிக்ரேஷன் போகும் நாள் காலையில் கணக்கில் 100 பாட் செலுத்தியோ எடுத்தோ புத்தகத்தில் அன்றைய தேதியில் ஒரு வரி பதியும்படி செய்துவிட்டு, அதே கிளையில் இருப்புச் சான்றுக் கடிதத்தையும் வாங்குங்கள். கடிதத்தில் ஒரு தொகையும் புத்தகத்தில் வேறு தொகையும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வேலை அடிப்படையில் நீட்டிப்பு வாங்கியவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வேலையின் கடைசி நாளோடு தங்கும் அனுமதியும் முடிகிறது. முத்திரையில் இன்னும் எட்டு மாதம் மீதி இருக்கிறதே என்று பேசாமல் இருக்க முடியாது. கடைசி நாளிலேயே இமிக்ரேஷனுக்குப் போய் அனுமதியை ரத்து செய்ய வேண்டும். அங்கேயே 1,900 பாட் கட்டி 7 நாள் நீட்டிப்பு கேட்கலாம். அதனால் ராஜினாமாக் கடிதத்தில் கடைசி நாளாக எதை எழுதுவது என்பதை யோசித்து முடிவு செய்யுங்கள். இமிக்ரேஷன் திறந்திருக்கும் நாளாக அது இருக்கட்டும். சனி, ஞாயிறு வேண்டாம், ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் எனும் தாய் புத்தாண்டு விடுமுறை நாட்களும் வேண்டாம்.

ரீ-என்ட்ரி

ஓராண்டு நீட்டிப்போடு இருப்பவர் ரீ-என்ட்ரி இல்லாமல் எல்லையைத் தாண்டிய கணத்தில் அந்த நீட்டிப்பு செத்துவிடுகிறது. ஊரில் ஒரு சாவு, அவசரமாகக் கிளம்ப வேண்டும் என்ற நேரத்தில்தான் இது பெரும்பாலும் மறந்துபோகிறது. ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800 பாட், படிவம் டி.எம். 8. ஆண்டில் நான்கு முறை போவீர்கள் என்றால் பல முறைக்கானதை வாங்குவதே லாபம். வயதான பெற்றோர் ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம்: பயணத் திட்டம் இல்லாவிட்டாலும் நீட்டிப்பு கிடைத்த அன்றே ரீ-என்ட்ரியும் வாங்கிவிடுங்கள். நள்ளிரவில் போன் வந்தால் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்திலும் ரீ-என்ட்ரி கொடுக்கிறார்கள். ரொக்கமும் புகைப்படமும் கூடுதல் நேரமும் வைத்துக்கொள்ளுங்கள். தரைவழி எல்லைகளில் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

ரீ-என்ட்ரி உங்கள் அனுமதியைக் காப்பாற்றும், நீட்டாது. திரும்பி வரும்போது பழைய 'அன்டில்' தேதிதான் மறுபடி விழ வேண்டும். ரீ-என்ட்ரி முத்திரை உள்ள பக்கத்தைத் திறந்தே அதிகாரியிடம் கொடுங்கள். 2025 மே 1 முதல் பழைய வருகைச் சீட்டுக்குப் பதில் டி.டி.ஏ.சி. எனும் மின்னணு வருகை அட்டை வந்துவிட்டது. இங்கேயே வசிப்பவர்களும் வெளிநாடு போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் வந்து சேர்வதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

பாஸ்போர்ட் புதுப்பித்தால்

புதிய பாஸ்போர்ட் வந்ததும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் தங்கும் அனுமதியும் ரீ-என்ட்ரியும் அதில்தான் இருக்கின்றன. தூதரகத்தில் கொடுக்கும்போதே பழையதைத் திருப்பித் தருமாறு கேளுங்கள். விசாப் பக்கத்தில் துளை போட வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு இமிக்ரேஷனுக்குப் போய் முத்திரைகளைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். சில அலுவலகங்கள் புது பாஸ்போர்ட் தந்ததற்கான தூதரகக் கடிதமும் கேட்கும். டி.எம். 30 பதிவு பழைய எண்ணிலேயே நிற்கும், அதையும் மாற்றச் சொல்லுங்கள். அடுத்த 90 நாள் ரிப்போர்ட்டை இந்த ஒரு முறை நேரில் செய்யுங்கள். வங்கிக்கும் சிம் கார்டு நிறுவனத்துக்கும் புதிய எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

அலுவலகத்துக்குப் போகும் நாள்

நகல்கள் எல்லாவற்றிலும் நீல மையில் கையெழுத்திடுங்கள். கறுப்பு மையில் போட்டால் அசல் கையெழுத்தா நகலா என்று தெரியாது. அடையாள ஆவண நகல்களின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவே 'இமிக்ரேஷன் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று ஆங்கிலத்திலோ தாய் மொழியிலோ எழுதி, தேதியும் போடுங்கள். கோடு முகத்தையும் எண்ணையும் மறைக்காமல் இருக்கட்டும். தாய்லாந்து மக்களே இப்படித்தான் செய்கிறார்கள். அந்த நகலை வேறு யாரும் கடனுக்கோ சிம் கார்டுக்கோ பயன்படுத்த முடியாது.

வேலை நேரம் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை, நண்பகல் 12 முதல் 1 வரை உணவு இடைவேளை. பாங்காக்காரர்களுக்கு அலுவலகம் சேங் வத்தனா சாலையில் உள்ள அரசு வளாகத்தின் 'பி' கட்டடம். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன் வேண்டாம். சந்தேகம் இருந்தால் 1178 இமிக்ரேஷன் உதவி எண்.

தேதி தாண்டிவிட்டால்

ஓவர்ஸ்டேவுக்கு நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. பணத்தோடு முடிந்தால் பரவாயில்லை. 2016 மார்ச் 20 முதல் தடையும் உண்டு. 90 நாளுக்கு மேல் தாண்டிவிட்டு நீங்களாகவே விமான நிலையத்தில் வெளியேறினால் ஓராண்டு, ஓராண்டுக்கு மேல் தாண்டியிருந்தால் 3 ஆண்டு, மூன்றாண்டுக்கு மேல் என்றால் 5 ஆண்டு, ஐந்தாண்டுக்கு மேல் என்றால் 10 ஆண்டு திரும்ப வர முடியாது. வெளியேறும் முன் வழியில் பிடிபட்டால் கணக்கு வேறு: ஓராண்டுக்குள் எத்தனை நாளாக இருந்தாலும் 5 ஆண்டுத் தடை, அதற்கு மேல் என்றால் 10 ஆண்டு. இரண்டே நாள்தானே என்று சோதனைச் சாவடி வழியாகப் பயணம் போகாதீர்கள். அபராதப் பணத்தை ரொக்கமாக எடுத்துக்கொண்டு நேரே விமான நிலையத்துக்குப் போய்க் கட்டிவிட்டு வெளியேறுங்கள்.