மூடுபனியில் ஒரு பஸ் ஸ்டாப்பை எப்படிச் சரிசெய்வது

பெண்கள் பயமில்லாமல் நிற்கும்படி ஸ்டாப்பைச் சரிசெய்ய, முதலில் அங்கே பகலில் போய்ப் பார்க்காதீர்கள். கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர் ஸ்டாப்புக்கு மகளிர் குழுவிலிருந்து 6 பேர் மாலை 7 மணிக்கு, மூடுபனி இறங்கிய நாளாகப் பார்த்து நடந்தோம். இப்படி நடந்து குறிப்பெடுக்கும் முறையை 1989-ல் டொராண்டோவில் மெட்ராக் என்ற பெண்கள் பாதுகாப்பு அமைப்பு தொடங்கியது. எங்களுக்கு ஒரு நோட்டும் டார்ச்சும் போதுமானதாக இருந்தது.

விளக்குதான் பெரிய பாடம். உயரக் கம்பத்து விளக்கு மூடுபனியில் வெள்ளைப் புகையாகச் சிதறும், பாதை தெரியாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, நெருக்கமாக, கண்ணில் அடிக்காதபடி கீழ்நோக்கி வைக்கச் சொல்லுங்கள். பாதையோர உண்ணிச்செடியை இடுப்பளவுக்கு வெட்டுங்கள். தேயிலை கவாத்து செய்யும் கைகளுக்கு இது அரைநாள் வேலை. காட்டெருமை நின்றாலும் தெரியும், மனிதன் நின்றாலும் தெரியும். (எனக்கு எருமையிடம் பயம் குறைவு.)

நிழற்குடைக்கு மூன்று பக்கமும் சுவர் எழுப்புவார்கள், சாரலுக்காக. உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாமல் நாங்கள் மழையில்தான் நின்றோம். கண் உயரத்தில் கண்ணாடியோ பாலிகார்பனேட்டோ வையுங்கள்.

கழிப்பறைக் கதவு சாலையைப் பார்க்கட்டும். உள்தாழ்ப்பாள், பை மாட்ட ஆணி, தண்ணீர்.

2024-ல் பெண்களுக்கான கட்டணமில்லா பஸ் பயணம் மலைக்கும் வந்தது. ஸ்டாப்பில் பெண்கள் கூடினார்கள். ஆட்கள் பார்வையில் இருக்கும்படி பெஞ்சை டீக்கடைக்கு எதிரே போடுங்கள்.

குறிப்புகளை மனுவாக்கி மே 1 அல்லது அக்டோபர் 2 கிராமசபையில் கொடுங்கள். தீர்மானத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள். பெண்கள் உதவி எண் 181-ஐச் சுவரில் பெரிதாக எழுத யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, பெயிண்ட் என் வீட்டு ஜன்னலுக்கு வாங்கியதில் மிச்சம்.