சாஸ் பில்ட் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவருக்குப் போன வாரம் ஒரு சின்ன வேலை கொடுத்தேன். ஒரு இணையதளத்துக்கான ஸ்டைல்களை சாஸில் (சிஎஸ்எஸ்ஸைச் சுருக்கமாக எழுத உதவும் மொழி) எழுதி, அதை பிரவுசருக்குப் புரியும் சிஎஸ்எஸ்ஸாக மாற்றும் பில்ட் அமைப்பையும் அவர்களே போட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் நான் எங்கெல்லாம் இடறினேனோ, அங்கேயே அவர்களும் இடறினார்கள். செமிகோலன் விட்டுப்போவது, ஃபைல் பெயரைத் தப்பாக அடிப்பது இதையெல்லாம் டெர்மினலே சொல்லிக் கொடுத்துவிடும். அது சொல்லாதவற்றை இங்கே எழுதுகிறேன்.

## பழைய பாடத்தைப் பார்த்து நோட்-சாஸ் போடுவது

தேடினால் கிடைக்கும் பாடங்களில் பல 2016, 2017 வாக்கில் எழுதியவை. சாஸை சிஎஸ்எஸ்ஸாக மாற்றும் பழைய கருவியான நோட்-சாஸை நிறுவச் சொல்லும். அது சி++ மொழியில் எழுதிய லிப்சாஸ் என்ற கம்பைலரை நம்பி ஓடுவது. உங்கள் நோட் பதிப்புக்கு ஏற்ற தயார் பைனரி கிடைக்காவிட்டால், உங்கள் கணினியிலேயே அதைக் கம்பைல் செய்யப் பார்க்கும். பைத்தான் இல்லை, கம்பைலர் இல்லை என்று திரை முழுக்க எரர் கொட்டும். புதியவர்களில் ஒருவர் இதற்காக அரை நாள் பைத்தானோடு மல்லுக்கட்டினார். லிப்சாஸைக் கைவிடுவதாக சாஸ் குழு 2020 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. இப்போது வேண்டியது டார்ட் சாஸ் என்ற கம்பைலர். பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம்மில் அதன் பெயர் வெறும் 'சாஸ்'. பில்ட் வேலைகளைத் தானாக ஓட்டும் கல்ப் வழியாக ஓட்டுவதானால், கல்ப்-சாஸ் 5ஆம் பதிப்பு முதல் எந்தக் கம்பைலர் என்பதை நீங்கள்தான் குறிப்பிட வேண்டும்.

சாஸ் மட்டும்தான் வேலை என்றால் கல்ப்பே வேண்டாம் என்பேன். பேக்கேஜ் ஜேசான் ஃபைலில் இரண்டு ஸ்கிரிப்ட் வரி போதும்: எழுதும்போது ஓட வாட்ச் (ஃபைல் மாறும்போதெல்லாம் தானாக மாற்றித் தருவது), வெளியிடும்போது கம்ப்ரெஸ்டு பில்ட் (இடைவெளிகளை நீக்கிச் சுருக்கித் தருவது).

## கணினிக்குப் பொதுவாக நிறுவுவது

சாஸை ப்ராஜெக்டுக்குள் நிறுவுங்கள், நிறுவிய பதிப்பைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலையும் கிட்டில் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) சேருங்கள்.

## வெளிவந்த சிஎஸ்எஸ்ஸைக் கையால் திருத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் செய்கிற நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே தெரியும்.

ஒரு துணிக்கடையின் தளம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, தள்ளுபடி பட்டையின் எழுத்து மொபைலில் வெட்டுப்படுகிறது என்று போன் வந்தது. சர்வரில் இருந்த ஸ்டைல் ஃபைலைத் திறந்து அங்கேயே ஒரு வரி சேர்த்தேன். அப்புறம் சாஸிலும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், மாற்றவில்லை. நான் செய்ததைப் பார்த்துக் குழுவில் மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஐந்து வாரத்தில் முப்பது சொச்சம் திருத்தங்கள், எல்லாம் சர்வரில் மட்டும். அடுத்த மாதம் ஃபுட்டரின் நிறத்தை சாஸில் மாற்றி, பில்ட் ஓட்டி, ஏற்றினேன். புது ஃபைல் பழையதன் மேல் உட்கார்ந்தது. அரை மணி நேரத்தில் கடைக்காரர் கூப்பிட்டார்: "தம்பி, வாங்குற பட்டனையே காணோமே?"

ஹோஸ்டிங்கில் முந்தைய இரவு எடுத்த பேக்கப் இருந்ததால் அந்த ஃபைல் திரும்பக் கிடைத்தது. ஆனால் இரண்டு ஃபைலையும் ஒப்பிடப் போனால், கம்ப்ரெஸ் ஆன சிஎஸ்எஸ் முழுக்க ஒரே வரி. முதல் வரி மாறியிருக்கிறது என்று மட்டும் காட்டியது. இரண்டையும் விரித்து எழுதவைத்து, மறுபடி ஒப்பிட்டு, ஒவ்வொரு வித்தியாசமும் எந்த சாஸ் ஃபைலுக்குப் போக வேண்டும் என்று தேடிச் சேர்த்தேன். மூன்று ராத்திரி போனது.

எல்லாரும் ஏன் அந்த ஃபைலுக்கே போகிறார்கள்? பிரவுசரில் பட்டனை இன்ஸ்பெக்ட் செய்தால், வலது ஓரத்தில் 'ஸ்டைல்.சிஎஸ்எஸ், வரி 1' என்று காட்டுகிறது. பிரவுசர் காட்டிய ஃபைலைத்தானே திறப்பார்கள்! அங்கே சிஎஸ்எஸ் வரியை மூல சாஸ் வரியோடு இணைக்கும் சோர்ஸ் மேப் ஃபைல் இருந்திருந்தால் எந்த சாஸ் ஃபைல், எத்தனையாவது வரி என்றே காட்டியிருக்கும். டார்ட் சாஸைக் கட்டளை வரியில் ஓட்டினால் மேப்பும் தானாகவே உருவாகும்; அதை வேண்டாத குப்பை என்று அழித்துவிடாதீர்கள். கல்ப்பில் அது நாம் கேட்டால்தான் வரும்.

நான் இப்போது எந்தத் தளத்திலும் நான்கு காரியம் செய்யாமல் வேலையைத் தொடங்குவதில்லை. சாஸுக்கும் வெளிவரும் சிஎஸ்எஸ்ஸுக்கும் தனித்தனி ஃபோல்டர். வெளிவரும் ஃபோல்டரை கிட் கவனிக்காதபடி விலக்குவது. ஏற்றுவதற்குமுன் ஒவ்வொரு முறையும் பில்ட் ஓட்டியாக வேண்டும். பிறகு, பிரதான சாஸ் ஃபைலின் தலையில் 'இதைத் திருத்தாதீர்கள், சாஸ் ஃபோல்டரைத் திறங்கள்' என்று ஒரு கமெண்ட். அந்தக் கமெண்டைச் சாய்கோடு, நட்சத்திரத்துக்கு அடுத்து ஓர் ஆச்சரியக்குறி போட்டுத் தொடங்குங்கள். அப்போதுதான் கம்ப்ரெஸ் செய்தாலும் அது வெளிவரும் சிஎஸ்எஸ்ஸில் அழியாமல் நிற்கும்.

போன வாரம் புதியவர்களில் இன்னொருவர் சிஎஸ்எஸ் ஃபோல்டரைத் திறந்து ஒரு பேடிங்கை மாற்றப் போனபோது எழுந்தே போய் நிறுத்தினேன்.

## அடிக்கோடு இல்லாத பெயர்கள்

ஃபோல்டர் முழுவதையும் கம்பைல் செய்யும்போது, பெயர் அடிக்கோட்டில் தொடங்கும் ஃபைல்களுக்குத் தனி சிஎஸ்எஸ் வராது. அதை மறந்தால் பட்டனுக்கு ஒன்று, மெனுவுக்கு ஒன்று என்று ஃபோல்டர் நிறைந்துவிடும்.

## வாட்சில் வந்ததையே ஏற்றுவது

கம்ப்ரெஸ்டு பில்ட் ஒருமுறை ஓட்டி, அதை ஏற்றுங்கள்.

## இம்போர்ட் எச்சரிக்கையை வாய்மூடவைப்பது

2024 அக்டோபரில் வந்த டார்ட் சாஸ் 1.80 முதல், ஒரு சாஸ் ஃபைலை இன்னொன்றில் சேர்க்க இம்போர்ட் என்று எழுதினாலே எச்சரிக்கை வருகிறது. 3.0 பதிப்பில் இம்போர்ட்டையே எடுத்துவிடப் போகிறார்கள். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதற்குப் பதில் யூஸ் என்றே எழுதிப் பழகுங்கள். நிறங்களை வைத்திருக்கும் ஃபைலை ஒரு இடத்தில் சேர்த்தால் எல்லா ஃபைலுக்கும் கிடைக்கும் என்ற பழைய பழக்கம் இதில் செல்லாது. தேவைப்படும் ஒவ்வொரு ஃபைலிலும் யூஸ் எழுத வேண்டும். மாறியின் பெயருக்கு முன்னால் அந்த ஃபைலின் பெயரும் வர வேண்டும். பழைய ப்ராஜெக்ட் கையில் இருந்தால், இதை மாற்றிக்கொடுக்க சாஸ் குழுவே ஒரு மைக்ரேட்டர் கருவி வைத்திருக்கிறது. அதை ஓட்டுமுன் கிட்டில் ஒரு கமிட் போட்டுவிடுங்கள், ஏனென்றால் அது உங்கள் ஃபைல்களை அதே இடத்தில் மாற்றி எழுதிவிடும்.