பித்தப்பை, கணைய அறுவை: திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறுகள்

ரத்த வகை பார்த்தீர்களா, ஸ்வாப் எண்ணினீர்களா என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குத் தியேட்டர் சிஸ்டர் இருக்கிறார், நம்மைவிடக் கண்டிப்பானவர். நாங்கள் பிஜியாக, அதாவது அறுவை பயிலும் முதுநிலை மாணவர்களாக, இருந்தபோது செய்து திட்டு வாங்கிய சில காரியங்கள், இன்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கையில் அச்சு அசலாக மறுபடி நடக்கின்றன. கேமரா துல்லியமாகியிருக்கிறது, கருவிகள் மாறியிருக்கின்றன, தவறு மட்டும் மாறவில்லை. அவற்றில் சிலதான் இவை.

## காமாலை என்றதும் ஸ்டென்ட்

கணையத் தலையில் கட்டி, கண்ணெல்லாம் மஞ்சள். வீட்டார் பதறுகிறார்கள். மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் இறங்கினால் எல்லோருக்கும் நிம்மதி என்று முதலில் ஈஆர்சிபி (வாய்வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கிப் பித்தநாளத்தை அடைவது) செய்து, பித்தம் வடிய ஸ்டென்ட் என்ற குழாயை வைத்துவிட்டு, பிறகு சிடி எடுக்க அனுப்புகிறார்கள். வரிசையே தலைகீழ். ஸ்டென்ட் வைத்தபின் எடுக்கும் படத்தில் கட்டியின் ஓரம் கலங்கித் தெரியும். ஈஆர்சிபியால் கணைய அழற்சி வந்துவிட்டால் அறுவையே தள்ளிப்போகும்.

இதை நெதர்லாந்துக்காரர்கள் ஆய்ந்தே பார்த்துவிட்டார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வில், நேராக அறுவைக்குப் போனவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கடுமையான சிக்கல்கள் வந்தன. முதலில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களில் 74 சதவீதம். பிலிருபின் மிக உயரத்துக்கு ஏறியவர்கள் அந்த ஆய்வில் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். குளிர்காய்ச்சலோடு பித்தநாளத் தொற்று, கீமோதெரபி முதலில் கொடுக்கும் திட்டம், அறுவைக்கு வாரக்கணக்கில் தாமதம் இருந்தால் ஸ்டென்ட் தேவைதான். அதையும் சிடி எடுத்தபின் வையுங்கள்.

## “ஆறு வாரம் கழிச்சு வாங்க”

பித்தக் கல்லால் லேசான கணைய அழற்சி வந்து தணிந்தவரை அப்படிச் சொல்லி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். அதே அட்மிஷனிலேயே பித்தப்பையை எடுத்துவிடுங்கள். கணையம் அழுகி, சுற்றிலும் நீர் கட்டியிருப்பவர் கதை வேறு. அங்கே பொறுத்திருப்பதுதான் சிகிச்சை.

## காட்டாமல் கிளிப் போடுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

வெளியூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து ஒரு இளம்பெண்ணை அனுப்பியிருந்தார்கள். லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுத்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர். வயிற்றுக்குள் வைத்த டிரெயின் குழாயில் பித்தமாகக் கொட்டியது, வயிறு உப்பியிருந்தது, காய்ச்சல். கூட வந்த அம்மா கேட்டார்: “துளை போட்டுப் பண்ற சின்ன ஆபரேஷன்னுதானே சார் சொன்னாங்க?” அறுவையின் வீடியோவையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அந்த நேர்மைக்கு நன்றி சொல்ல வேண்டும்; பலர் அதையும் செய்வதில்லை.

வீடியோவில் பித்தப்பையின் கழுத்தை நேராக மேலே இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். அப்படி இழுத்தால் சிஸ்டிக் டக்டும் (பித்தப்பையிலிருந்து வரும் சிறு குழாய்; வெட்ட வேண்டிய குழாய் இதுதான்) பொதுப் பித்தநாளமும் (குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய்; இதைத் தொடக்கூடாது) ஒரே கோட்டில் வந்துவிடும்; இரண்டும் ஒரே குழாய் என்று கண் நம்பிவிடும். கேமரா பிடித்தவர் வேறு நெருங்கிப் போய்விட்டார். திரை நிறைய ஒரே ஒரு குழாய்தான், அக்கம்பக்கம் எதுவும் தெரியவில்லை. குழாயை மூடக் கிளிப் போடுகிறார்கள், அது குழாயின் அகலத்துக்கு எட்டவில்லை. பெரிய கிளிப் கேட்டு வாங்கிப் போட்டு வெட்டுகிறார்கள். மேலே போகப் போக இன்னொரு குழாய் வருகிறது. ஒரு குரல் சொல்கிறது: “ஆக்சஸரி டக்ட் போல, ஏதோ வேரியேஷன்.” பிறவியிலேயே இருக்கும் கூடுதல் குழாயாம். அதற்கும் கிளிப், அதற்கும் கத்தரி.

முதலில் வெட்டியது பொதுப் பித்தநாளம். இரண்டாவதாக வெட்டியது கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளம். நடுவில் இருந்த துண்டு பித்தப்பையோடு வெளியே போய்விட்டது.

கிளிப் எட்டாதபோது ஒரு எச்சரிக்கை மணி அடித்தது. இரண்டாவது குழாய் வந்தபோது அதைவிடப் பலமாக அடித்தது. சிஸ்டிக் டக்ட் சாதாரணமாக ஒல்லியானது. வழக்கமான கிளிப் அதற்குத் தாராளமாகப் போதும். போதவில்லை என்றால் கிளிப்பை மாற்றாதீர்கள், கையை எடுங்கள். எதிர்பாராத இடத்தில் பித்தம் கசிந்தாலும் அப்படியே.

அப்புறம் ஆபரேஷன் நோட்டில் “வழக்கத்துக்கு மாறான அமைப்பு” என்று ஒரு வரி. கடவுள் மீது பழி! 2003-ல் வே என்ற அமெரிக்க அறுவை மருத்துவரின் குழு இத்தகைய 252 காயங்களை அலசியது. 97 சதவீதத்துக்கு மூலகாரணம் கண் ஏமாந்ததுதான். கை பிசகியவை மிகக் கொஞ்சம். அதாவது வெட்டியவர் தான் சரியான குழாயைத்தான் வெட்டுகிறோம் என்று உறுதியாக நம்பியிருக்கிறார். எனவே “நல்லாத் தெரியுது சார்” என்று யாராவது சொன்னால் எனக்கு அது போதாது.

போதுமானது எது என்று ஸ்ட்ராஸ்பெர்க் என்ற அறுவை மருத்துவர் 1995-லேயே சொல்லிவிட்டார். ஜெர்மனியில் எரிக் மியூஹே 1985-ல் முதல் முறையாக லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்ததிலிருந்து பத்தே வருடம். நிபந்தனைகள் மூன்று. கல்லீரலுக்கும் சிஸ்டிக் டக்டுக்கும் நடுவிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் நீங்கியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ்ப்பகுதி மூன்றில் ஒரு பங்கு கல்லீரல் படுகையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு அமைப்புகள் (சிஸ்டிக் டக்ட், பித்தப்பைக்குப் போகும் தமனி) மட்டும் நுழைவது தெரிய வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கிளிப். பிஜிக்கள் முதலாவதையும் மூன்றாவதையும் காட்டுவார்கள். இரண்டாவதைச் செய்ய நேரம் எடுக்கும், ரத்தம் கசியும், அதனால் தாண்டிவிடுவார்கள். ஏமாற்றுவது அந்த இடம்தான்.

பித்தப்பையின் மேல்முனையை நோயாளியின் வலது தோள் பக்கம் தள்ளுங்கள். கழுத்தை வலப்பக்கமாக, சற்றுக் கீழ்நோக்கி இழுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பிக் காட்டுங்கள். கல்லீரலின் அடியில் ரூவியே பிளவு என்ற பள்ளம் பெரும்பாலானோருக்கு இருக்கும்; அதற்குக் கீழே இறங்காதீர்கள். கேமராவைப் பின்னுக்கு இழுத்து ஒரு முறை முழு இடத்தையும் பாருங்கள். வெட்டும் முன் படம் எடுத்து வையுங்கள். அந்தப் படத்தை இன்னொருவரிடம் காட்ட உங்களுக்கே தயக்கமாக இருந்தால் வெட்டும் நேரம் இன்னும் வரவில்லை.

வீங்கி இறுகிப்போன பித்தப்பையில் இந்த மூன்றும் கிடைக்காமலே போகலாம். அப்போது முக்கோணத்துக்குள் தோண்டிக்கொண்டிருப்பது வீரமில்லை. பித்தப்பையைத் திறந்து கல்லை எடுத்து, கழுத்தை அப்படியே விட்டு, மீதியை மட்டும் எடுங்கள். அதுவும் முடியாவிட்டால் குழாய் வைத்துவிட்டு வெளியே வாருங்கள். வயிற்றைத் திறந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். இன்றைய பிஜிக்கள் திறந்த முறையில் எத்தனை பித்தப்பை எடுத்திருக்கிறார்கள்? இறுகிய இடத்தில் மேல்முனையிலிருந்து கீழ்நோக்கிப் பிரித்துவந்து, பித்தநாளத்தோடு வலது கல்லீரல் தமனியையும் வெட்டிய கேஸ்கள் உண்டு.

## வெட்டியதை நாமே தைப்பது

வெட்டிவிட்டோம் என்று தெரிந்ததும் வருகிற முதல் எண்ணம், வெளியே தெரிவதற்குள் தைத்துவிடலாம் என்பது. ஆறு மில்லிமீட்டர் குழாய், பதற்றத்தில் நடுங்கும் கை. 1995-ல் வெளியான ஒரு அமெரிக்கத் தொகுப்பில், முதலில் அறுவை செய்தவரே சரிசெய்தவற்றில் 17 சதவீதம்தான் தேறின. பித்தநாள அறுவையில் தேர்ந்தவர்கள் செய்தவற்றில் 94 சதவீதம். டிரெயின் வையுங்கள், தெரிந்த சீனியரைத் தியேட்டரிலிருந்தே போனில் அழையுங்கள், வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், அனுப்புங்கள். வீடியோவோடு.

மேலே சொன்ன பெண்ணுக்கும் முதல் மருத்துவமனையில் ஒரு தையல் முயற்சி நடந்திருந்தது. அந்தத் தையல் விட்டுப்போய்ப் பித்தம் வயிறு முழுக்கப் பரவியதால், தொற்று அடங்கும்வரை காத்திருந்துதான் சிறுகுடலைக் கொண்டுபோய்ப் பித்தநாளத்தோடு இணைக்க முடிந்தது.

## பயாப்சி

எடுத்த எல்லாப் பித்தப்பையும் பயாப்சிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு, போக வேண்டும். “வெறும் கல்லு” என்று எடுத்ததும்தான்.

## விப்பிளுக்குப் பின் “லேசா ரத்தம்”

விப்பிள் (கணையத் தலையை முன்சிறுகுடலோடு எடுக்கும் அறுவை) முடிந்து ஒரு வாரம், பத்து நாள். கணையத் தையலில் கசிவு இருக்கிறது. ராத்திரி டிரெயினில் கொஞ்சம் ரத்தம் வந்து தானே நின்றுவிடுகிறது. பிபி நார்மல், ஹீமோகுளோபின் நார்மல். டியூட்டி பிஜி கேஸ் ஷீட்டில் குறித்துவிட்டுக் காலை ரவுண்ட்ஸுக்குக் காத்திருக்கிறார். கணைய நீர் தமனியின் சுவரை அரித்து அங்கே ஒரு பொய் வீக்கம் உண்டாகியிருக்கலாம். இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் போகும் தமனியை வெட்டிக் கட்டிய முனையில் இது அடிக்கடி வரும். அடுத்த ரத்தம் எச்சரிக்கையாக வராது, கொட்டும். நோயாளி நிலையாக இருக்கும் அந்த இடைவெளியில்தான் சிடி ஆஞ்சியோ (ரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி) எடுத்து, ரேடியாலஜிஸ்ட்டை வரவழைத்து அந்தத் தமனியை அடைக்க முடியும். நடுராத்திரியானாலும் என்னை எழுப்புங்கள். அதற்காக யாரையும் நான் திட்டியதில்லை.